இரண்டு எல்ஸ்பெத்தும் ஒரு பொத்தானும்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு என் தங்கை எல்ஸ்பெத் தொப்பியைக் கழற்றாமல் என் சமையலறைக்குள் வந்து நின்றாள். அவள் வீட்டுக்குள் தொப்பியோடு நின்றால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். ஊரில் யாரும் சாகவில்லை.

"குடுக்கல," என்றாள்.

"எதை?"

"கல்யாணப் பத்திரத்தை, பதிவு ஆபீசுல. அது கையில இல்லாம பாதிரியார் வாயைத் திறக்க மாட்டாரு. தெரியுமில்ல?"

"ஏன் குடுக்கலையாம்?"

"பீட்டர் என் கூடப் பொறந்தவனாம்."

தேநீர் எனக்கு மூக்கு வழியாக வந்தது. "உன் கூடப் பொறந்தவன் நான்தானே?"

"காகிதத்துல நீ இல்ல. அவன்தான் இருக்கான்."

இத்தனை வாரமாகப் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுச் சண்டை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. என் பெயர் ஜார்ஜ் மேர், கூப்பிடுவது ஜோர்டி. எழுபத்தாறு வயது. ஐம்பது வருஷம் கடலில் மீன் பிடித்தேன், பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். எல்ஸ்பெத்துக்கு எழுபத்திரண்டு. இத்தனை காலம் எவனையும் கட்டாமல் இருந்தவள், போன அறுவடைக் காலத்தில் பீட்டர் மேரைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரே போடாகப் போட்டாள். அவன் மனைவியை இழந்தவன். கல்யாணம் வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்கு. எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

பீட்டரும் மேர், நாங்களும் மேர். ஆனால் சொந்தமில்லை. எங்கள் போர்ட் ஸ்கெல்லியில் நூற்றுப்பத்து வீடு, அதில் எண்பது வீடு மேர். முதல் பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவதுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெண்ணுக்கும் அப்படித்தான் பாட்டிகள் பெயர். இருநூறு வருஷமாக அதே ஆறேழு பெயர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, சுருட்டிய கயிறு மாதிரி. கரையில் நின்று "ஜார்ஜ் மேர்" என்று கத்தினால் பதினோரு பேர் திரும்புவார்கள்.

அதனால் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர். தார்வாளி மேர், கொக்கி மேர், நொண்டி வாத்து மேர். தபால்காரனுக்கு அது வேண்டும், டாக்டருக்கு வேண்டும், வோட்டர் லிஸ்டில்கூட அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். பீட்டர் குடும்பம் சேவல். அவன் முப்பாட்டன் கூரையில் தகரச் சேவல் வைத்தவன். எங்கள் பட்டப்பெயர் என்ன என்று நான் வெளியாளிடம் சொல்வதில்லை.

அங்கேதான் வினை.

பீட்டருக்கும் எல்ஸ்பெத் என்று ஒரு தங்கை. நியூசிலாந்தில் ஆடு மேய்க்கிற புருஷனோடு இருக்கிறாள். இரண்டு எல்ஸ்பெத்தும் ஒரே வருஷம், ஒரே மார்ச் மாதம். ஒன்று மூன்றாம் தேதி, எங்களுடையது பன்னிரண்டாம் தேதி. இரண்டு பேருக்கும் அப்பா பெயர் ஜார்ஜ் மேர், மீனவர். அம்மா பெயர் இசபெல்லா மேர், பிறந்த வீடும் மேர். எல்ஸ்பெத்தின் பழைய பிறப்புச் சான்றிதழ் எலி தின்றுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி, மற்ற காகிதங்களோடு கொடுத்திருந்தோம். அந்தப் புதியது சேவல் வீட்டு எல்ஸ்பெத்துடையது.

"அப்ப போய்ச் சொல்ல வேண்டியதுதானே, நான் அந்த எல்ஸ்பெத் இல்லன்னு?"

"சொன்னேன். நான் இன்ன வீட்டுப் பொண்ணு, அவரு சேவல் வீட்டுப் புள்ளைன்னு சொன்னேன். ஆபீசுப் பொண்ணு ஒரு தாளை எடுத்துக் காட்டினா. 'உங்க அண்ணன் பட்டப்பேரே கெடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரே அம்மா'ன்னா." எல்ஸ்பெத் என் முகத்தைப் பார்த்தாள். "சான்றிதழை வாங்கிட்டு வந்தது யாரு ஜோர்டி?"

நான்தான்.

"வேணும்னே பண்ணினியா?"

"இல்ல."

"நம்பறேன். வேணும்னு பண்ற அளவுக்கு உனக்கு மூளை கெடையாது."

நடந்தது இதுதான். ஏழு வாரத்துக்கு முன் இன்வர்டூல் பதிவு ஆபீசுக்குப் போனேன். தபாலை நான் நம்புவதில்லை. உள்ளே புதிதாக ஒரு பெண். மேசைமேல் பெயர்ப்பலகை: மிஸ் ராஸ்.

அந்தப் பெயரை எங்கள் கரையில் வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் வலை காலி. காதில் விழுந்தால் உடனே இரும்பைத் தொட வேண்டும். அந்தப் பெயர்க்காரன் எதிரே வந்தான் என்று என் அப்பா ஒரு நாள் முழுக்கப் படகு எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்காதீர்கள். தொட்டு வைத்தால் என்ன கெட்டுவிடும்?

அந்த அறையில் கைக்கு எட்டிய ஒரே இரும்பு, ஜன்னலடியில் அறையைச் சூடாக்க வைத்திருந்த வெந்நீர்க் கணப்பு. இடது கையால் பிடித்துக்கொண்டேன். கொதித்தது. விடவில்லை. அந்தப் பெண் தங்கை பிறந்த தேதியைக் கேட்டாள்; மார்ச் என்றேன், நாள் வாயில் வரவில்லை. பிறகு நிதானமாகக் கேட்டாள்: "ரெண்டு எல்ஸ்பெத் இருக்காங்களே, உங்க வீட்டுப் பட்டப்பேர் என்ன?" உள்ளங்கை வெந்துகொண்டிருக்கிறது. எதிரே ராஸ். பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "பட்டப்பேர் கெடையாது. முதல்ல இருக்கறதைக் குடு," என்றேன். அப்படியே எழுதி நீட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். அவள் ஒட்டிக் கொடுத்த உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ நேர்ல வந்து, எழுதினது தப்புன்னு சொல்லி, பட்டப்பேரை எழுதிக் குடுக்கணுமாம்," என்றாள் எல்ஸ்பெத். "நாலு மணிக்கு மூடிருவாங்க. அப்புறம் செவ்வாய்க்கிழமைதான்."

"ம்."

"மண்டபத்துக்கு நாப்பது பேருக்கு இறைச்சி அடைச்ச பலகாரம் சொல்லியாச்சு."

"ம்."

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், காலைப் பிடித்திருப்பாள். இவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வியாழக்கிழமை அல்லவா. கையோடு கொண்டுவந்த பானையை அடுப்பில் வைத்தாள். புகைபோட்ட மீனும் உருளைக்கிழங்கும் பாலும் போட்ட சூப். என் மனைவி போய்ப் பதினோரு வருஷம், ஒரு வியாழன் தவறவில்லை. ஒரு தரம் பனியில் ரோடு அடைத்தபோது தோட்டச் சுவரேறிக் குதித்துக் கொண்டுவந்தாள், அறுபத்தெட்டு வயதில்.

கிண்ணத்தை என் முன் வைத்தாள். கரண்டியை வைத்தாள். மறுபடி தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"சும்மா உக்காந்திரு ஜோர்டி. ஒண்ணும் பண்ண வேண்டாம். நாலு மணிக்கு நீ ஜெயிச்சிருவே."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "அடுத்த வியாழனும் சூப் வரும். கல்யாணம் நடந்தாலும் வரும், நடக்காட்டியும் வரும். அதுக்குத்தானே இத்தனை ஆட்டம் ஆடினே?"

கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நான் சூப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேவல் குடும்பத்தோடு எங்களுக்கு எண்பது வருஷப் பகை, அதனால்தான் இந்தக் கல்யாணம் ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன். பாதிரியாரிடம் சொன்னேன், மீன் வண்டிக்காரனிடம் சொன்னேன். எவனும் மறுத்துப் பேசவில்லை. இவள் மட்டும் பானையை வைத்துக்கொண்டே, என் வயிற்றுக்குள் இருந்ததை எடுத்து மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பொல்லாத கிழவி.

சூப்பைக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். மணி இரண்டரை. இரண்டு பத்துப் பேருந்து போயிருக்கும்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். என் மகன் சானி கடலில் இருந்தான், மருமகள் மொய்ரா இருந்தாள். கிளாஸ்கோக்காரி. வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, ஊர் இன்னும் அவளைப் 'புதுசு' என்றுதான் சொல்கிறது.

"வண்டியை எடு," என்றேன்.

"எங்கே பெரியவரே?"

"எங்கேன்னு உனக்குத் தெரியும். சுவரு மெல்லிசு."

சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தாள். தெருமுனையில் எல்ஸ்பெத் காத்துக்கொண்டு நின்றாள். வண்டி நின்றதும் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். நன்றி சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேன்.

மொய்ராவால் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. எங்கள் வீட்டுப் பெயரின் பூர்வோத்தரத்தைத் தேடுவதுதான் இரண்டு வருஷமாக அவளுக்கு வேலை. எடின்பரோவுக்குக் கடிதம் எழுதுவாள், கல்லறைகளில் பாசியைச் சுரண்டுவாள்.

"பெரியவரே, மேர்னா என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன். பழைய மலைப் பாஷை. அந்தக் காலத்துல அது ஒரு வேலை."

"மீன் பிடிக்கிற வேலைதானே?"

"இல்ல. ராஜாவோட ஆளு. வீடு வீடாப் போய் சம்மன் குடுக்கிறவன், சாமான் ஜப்தி பண்றவன். அப்பனுக்கப்புறம் புள்ளைன்னு பரம்பரையா பார்த்த உத்தியோகம்."

"வண்டியை நிறுத்து."

"நிறுத்த மாட்டேன்."

"அதிகாரியா? நாங்களா?"

மீன் ஆய்வாளன் படகில் ஏறினால் கைகொடுக்காமல் கடலில் விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்த வம்சம் நாங்கள். வரி ஆபீஸ் கடிதத்தை அடுப்புப் பற்றவைக்க வைத்திருக்கிறேன். முன் சீட்டில் எல்ஸ்பெத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிப்பு.

"எண்பது வீடும் சம்மன்காரன் வீடு!" என்றாள். "அதான் ஒருத்தனை ஒருத்தன் நம்ப மாட்டேங்கிறோம்."

"எழுநூறு வருஷம் முன்னாடி அத்தை," என்றாள் மொய்ரா. "அப்புறம் ஏதோ ஒரு மேர் கெட்டுப்போய்க் கடலுக்கு வந்திருக்கான். இந்த ஊரை உண்டாக்கின ஜமீன்தார், கரையோரமா இருந்து மூணு மேர் வீட்டைக் கொண்டுவந்து குடிவச்சிருக்காரு. அந்த மூணு வீட்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருந்த மாதிரியே தெரியல. அதுல ஒண்ணு சேவல், ஒண்ணு நம்ம."

"நல்லதாப் போச்சு," என்றாள் எல்ஸ்பெத். "கல்யாணம் பண்ணிக்கலாம்."

பதிவு ஆபீசுக்குள் நுழைந்தபோது மூன்றே கால். சுவரோரப் பெஞ்சில் பீட்டர் உட்கார்ந்திருந்தான். காலை பத்து மணிக்கு வந்தவன். கல்யாணப் பத்திரம் இல்லாமல் நகர மாட்டேன் என்று எல்ஸ்பெத்தை மட்டும் பேருந்தில் அனுப்பிவிட்டு அங்கேயே இருந்திருக்கிறான். மடியில் காகிதத்தில் பாதி ரொட்டி. எழுபத்துநாலு வயதில் முதுகு படகுப் பாய்மரம் மாதிரி நிமிர்ந்திருந்தது. சேவல் குடும்பத்துக்கே உரிய திமிர். ஆனால் ஐந்து மணி நேரம் மரப் பெஞ்சில் உட்காருவது லேசில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

என்னைப் பார்த்ததும் ஓரமாக நகர்ந்து பெஞ்சைத் தட்டினான். "வா, உக்காரு. காகிதப்படி நான் உனக்கும் தம்பி."

"காகிதத்தைக் கிழிக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்பாடா. உனக்குத் தம்பியா இருக்கறதைவிட மச்சானா இருக்கறது மேலு."

உள்ளே ஒரு பண்ணைக்காரன், கைக்குழந்தையோடு ஒரு பெண், சாவைப் பதிய வந்த இரண்டு பேர். எல்லோருக்கும் காது இருந்தது.

மிஸ் ராஸ் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயது இருக்கும். முதலில் கேட்டது இதுதான்: "கை எப்படி இருக்கு?"

"எந்தக் கை?"

"கணப்பைப் பிடிச்ச கை."

பார்த்திருக்கிறாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"நான் உங்க பக்கத்து ஊர்லதான் படிச்சேன்," என்றாள். "தினமும் டீச்சர் ஹாஜர் கூப்பிடுவாங்க. என் பேர் வந்ததும் கிளாஸ் முழுக்க பெஞ்சு ஆணியைத் தொடும். ஏழு வருஷம். அந்த ஆணியெல்லாம் பளபளன்னு இருக்கும்."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. ஏழு வருஷம் ஒரு சின்னப் பெண் காலையில் எழுந்து அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு, காகிதத்தில் முத்திரை அழுத்துகிற கனத்த இரும்பு அச்சை மேசை குறுக்கே என் பக்கம் தள்ளினாள். "இது சூடாகாது. தொட்டுக்கிட்டே சொல்லுங்க."

தொடலாமா என்று யோசித்தேன். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"நான் எழுதினது பொய்," என்றேன். "எங்க வீட்டுக்குப் பட்டப்பேர் உண்டு."

"என்ன?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். குழந்தைகூட வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"பொத்தான்."

பண்ணைக்காரன் இருமினான். நானே தொடர்ந்தேன். பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் மீதியை ஊர் சொல்லும், தப்பாகச் சொல்லும்.

"எங்க தாத்தா ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்ல, நீளக் கழியில மாட்டின காணிக்கைப் பெட்டி வந்தப்போ, காசுக்குப் பதிலா உள்ளே ஒரு பொத்தானைப் போட்டாரு. அன்னிக்குப் பெட்டி புடிச்ச கோயில் மூப்பர் பார்த்துட்டாரு. எடுத்து சபை முழுக்கத் தெரியற மாதிரி தூக்கிக் காட்டினாரு. அன்னையிலருந்து நாங்க பொத்தான். மூப்பர் யாருன்னா," என்று பெஞ்சைக் காட்டினேன், "இவனோட தாத்தா."

பீட்டர் தரையைப் பார்த்தான்.

மிஸ் ராஸ் சிரிக்கவில்லை. தடித்த அட்டவணைப் புத்தகத்தை இறக்கி, விரலை ஓட்டினாள். பெயருக்குப் பக்கத்தில் பழைய எழுத்தர் யாரோ பொடியாக எழுதியிருந்தார்: மூன்றாம் தேதி, சேவல். பன்னிரண்டாம் தேதி, பொத்தான். என் தங்கை பிறந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள். நான்தான் இல்லை என்று கையெழுத்துப் போட்டவன்.

புதிய தாளை நீட்டினாள். எழுத்துக் கூட்டி எழுதினேன்: ஜார்ஜ் மேர், பொத்தான். எழுபத்தாறு வருஷத்தில் அதை நான் என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. அப்படி ஒன்றும் அசிங்கமாக இல்லை.

அவள் இரும்பு அச்சை அழுத்தினாள். மூன்று ஐம்பதுக்குக் கல்யாணப் பத்திரம் எல்ஸ்பெத்தின் கைப்பைக்குள் போனது. பூட்டினாள். திறந்து பார்த்து மறுபடி பூட்டினாள்.

"கல்யாண வாழ்த்துகள்," என்றாள் மிஸ் ராஸ்.

"சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துரு," என்று என் வாயிலிருந்து வந்தது. "போர்ட் ஸ்கெல்லி கோயில் மண்டபம். இறைச்சிப் பலகாரம்."

"என் பேரை வச்சுக்கிட்டா?"

"மண்டபம் கடல்ல இல்ல."

வெளியே மழை தூறியது. பீட்டரும் நானும் பின் சீட்டில். இரண்டு மைல் போனதும் அவன் உள்சட்டைப் பையில் கைவிட்டு, துணியில் முடிந்த ஒன்றை எடுத்தான்.

"எங்க தாத்தா இதைத் தூக்கிப் போடல ஜோர்டி. சாகறப்போ எங்க அப்பாகிட்ட குடுத்தாரு. 'அத்தனை பேர் முன்னால அவனைக் காட்டிக்குடுத்தது தப்பு. இதைத் திருப்பிக் குடுத்துரு'ன்னாரு. எங்க அப்பாவுக்குத் தைரியம் வரல. எனக்கும் இன்னிக்குவரை வரல."

முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தான்.

அந்தப் பொத்தான்.

கொம்புப் பொத்தான், கால்சட்டைப் பொத்தான் என்று எத்தனையோ விதமாக நினைத்திருக்கிறேன். இது பித்தளை. எவனோ தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறான். பீட்டரிடம், "சனிக்கிழமை நல்ல காலுறை போடு. நீ நடந்தா குதிகால் தெரியுது," என்றேன். அவன், "சரி மச்சான்," என்றான். எனக்கு அது பிடிக்காமல் இல்லை.

மொய்ரா வண்டியை ஓரம் கட்டி, கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

"பெரியவரே, உங்க தாத்தா மீனவர்தானே?"

"பின்னே?"

"இதுல கிரீடம் இருக்கு. கீழே நங்கூரம். இது மீனவன் சட்டைப் பொத்தான் இல்ல. அரசாங்கத்துக் கோட்டுப் பொத்தான். கரையில கள்ளச்சரக்குப் பிடிக்கிற அதிகாரிங்க போடறது."

நான் பிடுங்கிப் பார்த்தேன். கிரீடம் இருந்தது. கஞ்சத்தனத்தால் போட்ட பொத்தான் என்று மூன்று தலைமுறையாக நாங்கள் தலைகுனிந்து நடந்திருக்கிறோம். வீட்டில் இல்லாத கோட்டின் பொத்தானை ஒரு மீனவன் எங்கிருந்து எடுத்துப் போடுவான்?

பீட்டர் வாயைப் பிளந்தான். மொய்ராவின் கண் விரிந்தது. முன் சீட்டில் எல்ஸ்பெத் மட்டும் திரும்பவே இல்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதில் ஆச்சரியம் இல்லை.

"எல்ஸ்பெத்," என்றேன், "உனக்கு இது தெரியுமா?"

கையைப் பின்னால் நீட்டினாள். பொத்தானை அதில் வைத்தேன். கைப்பையைத் திறந்து, கல்யாணப் பத்திரத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டுப் பூட்டினாள்.

"அந்தக் கோட்டு யாரோடதுன்னு அம்மா எனக்கு மட்டும்தான் சொன்னா," என்றாள். "உன்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே பாட்டியோட சண்டைக்குப் போயிருப்பே. சனிக்கிழமை முடியட்டும் ஜோர்டி. வியாழக்கிழமை சூப்போட வரேன், அப்ப சொல்றேன்."